சும்மா வந்தவர்கள்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். முறத்தில் பாதி நிறைந்திருந்தது. ஒரு காம்பு வாயில் பட்டாலும் என் பிள்ளை மொத்தத்தையும் துப்பிவிடுவான். அதனால் ஒவ்வொரு ஈர்க்காகப் பார்த்து உருவ வேண்டியிருந்தது.

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. ஹெப்சிபா மிஸ்.

பெண்களுக்கான பயிற்சி மையத்தில் எங்களுக்குச் செக்கிங் சொல்லிக்கொடுப்பவர். செக்கிங் என்றால், கம்பெனியில் லேத் மெஷினில் கடைந்து வருகிற இரும்புச் சாமானை அளவு பார்த்து, இது சரி, இது ஆகாது என்று பிரிக்கிற வேலை. மிஸ்ஸுக்கு இருபத்து மூன்று வயது. எனக்கு இருபத்தெட்டு. அவர் என்னை அக்கா என்பார். நான் அவரை மிஸ் என்பேன்.

"மூணு நாளா ஆளைக் காணோமே."

நான் எழுந்து நின்றேன்.

"உக்காருங்கக்கா. கையில கீரையோட எதுக்கு எந்திரிக்கறீங்க."

அவரும் தரையில் உட்கார்ந்து ஒரு ஈர்க்கை எடுத்துக்கொண்டார்.

"எத்தனை கம்பெனிக்குப் போனீங்க?"

"ஒன்பதுங்க மிஸ்."

"உள்ள போனது எத்தனை?"

நான் கீரையைப் பார்த்தேன்.

"சரி, கேட் வரைக்கும் போனது?"

"ஆறு."

"மீதி மூணு?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு வந்துட்டேனுங்க."

"அப்ப மூணு கம்பெனியை வெளியில இருந்தே செக்கிங் பண்ணியிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. குனிந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் படிப்பு ஆறு மாதம். நான்கு மாதம் மையத்தில். கடைசி இரண்டு மாதம் ஏதாவது ஒரு கம்பெனியில் இருந்து பழக வேண்டும். இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். முன்பெல்லாம் மையமே இடம் பிடித்துக் கொடுத்ததாம். இந்தத் தடவை அவரவரே தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் ஒரு கம்பெனியின் முத்திரை வைத்த கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் சர்டிபிகேட் கிடையாது.

சர்டிபிகேட் இல்லாவிட்டால் நான் பழையபடி நூல் மில்லுக்குத்தான் போக வேண்டும். மில்லில் பஞ்சுத் தூசி. எனக்கு இளைப்பு உண்டு. போன வருடம் மூச்சு முட்டி மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் பிள்ளை யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லையாம். வந்து பார்த்தபோது அவன் கை குச்சியாக இருந்தது.

அன்றைக்குப் புதன்கிழமை.

"மிஸ், கேட்டுலயே போர்டு மாட்டியிருக்காங்க, வேலை காலி இல்லைன்னு. மாட்டாத கம்பெனியில, ஆள் வேணும்னும் மாட்டலை. பேப்பர்லயும் போடலை. யாரும் நம்மளக் கூப்பிடலை. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிங்க மிஸ் போறது? போய் என்னன்னு கேக்கறது?"

மிஸ் அந்த ஈர்க்கை முழுக்க உருவி முடித்தார்.

"நாளைக்கு உங்களுக்கு ஏதாச்சும் வேலை இருக்காக்கா?"

"இல்லீங்க."

"இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல பம்பு உதிரி செய்யற கம்பெனி ஒன்னு. அங்க வாட்ச்மேன் குப்பண்ணன்னு இருக்கார். எங்க லைன் வீட்டுலதான் குடியிருக்கார். கண்ணுல புரை எடுத்திருக்காங்க. கேட்டுக்கு வர்றவங்க பேரை நோட்டுல எழுதணும், அவருக்கு எழுத்துத் தெரிய மாட்டேங்குது. ஒரு நாள் கூட உக்காந்து எழுதிக் குடுங்களேன்."

"நான் கேட்டது வேறங்க மிஸ்."

"உங்க கையெழுத்து நல்லாயிருக்கும். அதான் உங்களைக் கேட்டேன்."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கேட்டதற்கு இது பதிலா, இல்லை மிஸ்ஸுக்கு நான் செய்ய வேண்டிய வேலையா என்று புரியவில்லை. அவர் உருவின கீரையில் காம்பு நிறையக் கிடந்தது. எல்லாவற்றையும் திரும்ப ஒரு தடவை பார்த்தேன்.

மறுநாள் எட்டரைக்கெல்லாம் போய்விட்டேன். அந்தக் கேட்டிலும் போர்டு இருந்தது. வேலை காலி இல்லை. பாதி எழுத்தைத் துரு தின்றிருந்தது. இருந்தாலும் என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"ஹெப்சிபா அனுப்புன அம்மிணியா? வா, வா. போர்டைப் பாத்து நின்னுட்டியாக்கும்."

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் குப்பண்ணன்.

"இல்லீங்கண்ணா. சும்மா நின்னேன்."

"எல்லாரும் அங்கதான் நிப்பாங்க. அது எதுக்கு மாட்டுனதுன்னு தெரியுமா? கேட்டுத் தகரத்துல ஒரு ஓட்டை. நாய் பூந்து கேன்டீன்ல கறிக்கொழம்பை நக்கிட்டுப் போயிருச்சாம். குடோன்ல இந்தத் தகரம் கெடந்துச்சாம். ஓட்டைக்கு அளவாவும் இருந்துச்சாம். வெச்சு முடுக்கிட்டாங்க. ஆறு வருசமாச்சு."

"ஆறு வருசமா ஆளே எடுக்கலீங்களா?"

"எடுக்காம? நானே நாலு வருசத்துக்கு முன்னாடி வந்தவன்தான்."

குனிந்து பார்த்தேன். போர்டின் ஓரத்தில் நாய் பிறாண்டின கோடு இருந்தது.

நோட்டு பெரியதாக இருந்தது. பேர், ஊர், யாரைப் பார்க்க, என்ன விஷயமாக, வந்த நேரம், கையெழுத்து என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தார்கள். "வர்றவங்களை எழுதிக்க" என்றார் குப்பண்ணன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் ஒரு கூரியர்காரர் வந்தார். பிறகு கம்பி ஏற்றிக்கொண்டு ஒரு லாரி. எழுதினேன்.

ஒன்பதரைக்கு ஒரே பைக்கில் மூன்று பையன்கள் வந்தார்கள். என்ஜினீயரிங் மூன்றாம் வருடம். கழுத்து வரை பட்டன் போட்டு, வேர்த்து நனைந்திருந்தார்கள்.

"அண்ணா, இங்க இன்டர்ன்ஷிப் ஏதாச்சும்..."

"இல்ல கண்ணு. தண்ணி வேணும்னா குடிச்சுட்டுப் போங்க."

பைக்கைத் திருப்பினார்கள்.

"ஏனுங்க, பேரு ஊரு சொல்லிட்டுப் போங்க," என்றேன். என் குரல்தான் அது. நோட்டு கையில் இருந்ததால் வந்திருக்க வேண்டும்.

"அதான் இல்லைன்னுட்டாரே. எதுக்குங்கக்கா பேரு?"

"வந்தவங்களை எழுதணுமாங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். என்ன விஷயமாக என்று கேட்டதற்கு, "சும்மா கேட்டுப் பாக்கலாம்னு வந்தோம்" என்றான் ஒருவன். அப்படியே எழுதினேன். போன் நம்பரும் எழுதிக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்து ஒரு அப்பாவும் மகளும். மகள் பேர் இந்துஜா. டிப்ளமா படிக்கிறாள். அப்பாதான் பேசினார். பத்தாவதில் எவ்வளவு மார்க், பன்னிரண்டாவதில் எவ்வளவு என்றெல்லாம் குப்பண்ணனிடம் சொன்னார். குப்பண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இல்லீங்களே" என்றார். கையெழுத்துப் போடக் குனிந்தபோது அந்தப் பெண் என் காதோரமாக, "நான் டிராயிங் பாத்து அளவு சொல்லுவேங்க்கா" என்றாள். அதையும் எழுதினேன். கட்டத்தில் இடம் போதவில்லை. ஓரத்தில் எழுதினேன்.

பதினொரு மணிக்கு, கணுவாயில் இருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். நாற்பது வயது இருக்கும். பேர் சின்னராசு. பதினாறு வருடம் கை லேத் ஓட்டினவர். அவர் கம்பெனியில் கம்ப்யூட்டர் மெஷின் போட்டதும் நிறுத்திவிட்டார்களாம். "சம்பளம் வேண்டாங்க. ரெண்டு மாசம் அந்த மெஷினைப் பழகிக்கறேன். படிக்கற பசங்களுக்குக் குடுக்கற இடத்துல எனக்கு ஒன்னு குடுத்தாப் போதும்," என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் சைக்கிள் மணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குப்பண்ணன் அவருக்கும் அதே குரலில்தான் இல்லை என்றார். அவர் போன பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏனுங்கண்ணா, உள்ள ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தா என்னங்க?"

"கேக்கச் சொல்லலையே அம்மிணி."

"இல்லைன்னு சொல்லச் சொன்னாங்களா?"

"ஆமா."

"யாருங்க?"

கண்ணாடியைக் கழற்றி, கண்ணோரத்துத் தண்ணீரைத் துடைத்தார்.

"எனக்கு முன்னாடி இருந்த வாட்ச்மேன்."

"அவருக்கு யாரு சொன்னாங்களாம்?"

"அவரு காலமாயிட்டாரு அம்மிணி," என்றார், துக்கம் விசாரிக்க வந்தவளிடம் சொல்வது போல.

அதற்குமேல் நான் என்ன கேட்பது.

மத்தியானம் பாலிடெக்னிக்கில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். காலேஜ் கொடுத்த கடிதம் பைக்குள் இருந்தது. வெளியே எடுக்கவே இல்லை, திரும்பிவிட்டார்கள். அன்னூரில் இருந்து ஒரு பெண் இரண்டு பஸ் மாறி வந்தாள். வந்ததும் பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். குப்பண்ணன் அவளை மட்டும் உள்ளே அனுப்பினார். திரும்பி வந்ததும், இடம் இல்லை என்று அனுப்பிவிட்டார். பிறகு ஒரு பையன் ஃபைலை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமலே ஓடப் பார்த்தான். கூப்பிட்டுப் பேரை வாங்கினேன். அவனைப் பார்க்க என்னைப் பார்ப்பது போலவே இருந்தது. டீ நேரத்துக்கு இன்னும் இரண்டு பேர்.

எல்லோரையும் எழுதினேன்.

ஐந்து மணிக்கு மேனேஜர் தனசேகர் சார் வந்தார். தினமும் அந்த நேரத்துக்கு நோட்டில் கையெழுத்துப் போடுவாராம். சட்டைக் கையில் கிரீஸ் பட்டிருந்தது. ஒரு பக்கம் புரட்டினார். மறுபக்கம் புரட்டினார்.

"குப்பண்ணா, இன்னிக்கு நல்ல கூட்டமோ?"

"இல்லீங் சார். கூரியரு, லாரி. வேற யாரும் வரலீங்க."

"ரெண்டு பக்கம் இருக்குதே."

கறுப்புக் கண்ணாடி என் பக்கம் திரும்பியது.

"அம்மிணி, என்ன எழுதி வெச்சே?"

"வந்தவங்க பேருங்கண்ணா."

"உள்ள போறவங்களைத்தான் எழுதோணும். இவங்கல்லாம் சும்மா வந்தவங்க."

கம்பெனி நோட்டை வீணாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதித் தரட்டுமா என்று கேட்க நினைத்தேன்.

அதற்குள் சார் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"சம்பளம் வேண்டாம், மெஷின் பழக வேண்டும். இது யாரு?"

குப்பண்ணனுக்குத் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"கணுவாய்ல இருந்து சைக்கிள்ல வந்தாருங்க சார். பதினாறு வருசம் லேத் ஓட்டுனவருங்க. படிக்கற பசங்களோட சேந்து பழகிக்கறேன்னு சொன்னாருங்க. அதைச் சொல்றதுக்கு அவருக்கு ரொம்பச் சங்கடமா இருந்துச்சுங்க."

"இந்த டிராயிங் பொண்ணு?"

"அவங்கப்பா மார்க்கு மட்டும் சொன்னாருங்க. டிராயிங் தெரியும்னு அந்தப் புள்ளதான் தனியாச் சொல்லுச்சு. அப்பா முன்னாடி அதுக்குப் பேச்சு வரலைங்க."

"இந்த அன்னூர்?"

அதையும் சொன்னேன். ஃபைலை வைத்துவிட்டு ஓடின பையனைச் சொன்னேன். கடிதத்தை எடுக்காமலே போன இரண்டு பேரைச் சொன்னேன். பதினோரு பேரையும் சொன்னேன். இடையில் ஒரு தடவைகூட எனக்கு நாக்கு ஒட்டவில்லை.

"தினமும் இப்படித்தான் வர்றாங்களா குப்பண்ணா?"

"வருவாங்க சார். அஞ்சு, ஆறு. காலேஜ் லீவு விட்டா பத்துப் பாஞ்சு."

"எத்தனை வருசமா?"

குப்பண்ணன் வேண்டுமென்று செய்தவர் இல்லை. கண்ணாடிக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது ஆபரேஷன் தண்ணீராகவும் இருக்கலாம்.

சாரும் கோபப்படவில்லை. "நாலு மாசமா நானும் விளம்பரம் எழுதறேன், எழுதறேன்னு உக்கார்றேன். உக்காந்தா போன் வந்துருது," என்றார். கொஞ்ச நேரம் வெளியே ரோட்டைப் பார்த்தார். "இந்த லேத்துக்காரரையும் டிராயிங் பொண்ணையும் நாளைக்கு வரச் சொல்லுங்கம்மா. நம்பர் இருக்கா?"

"இருக்குதுங்க சார். கையெழுத்துக்குக் கீழ எழுதி வாங்கியிருக்கேன்."

"செக்கிங்லயும் ஒரு ஆள் வெச்சுப் பழக்கலாம். சாமான் மலையாட்டம் குமிஞ்சு கெடக்குது. இதுல செக்கிங் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா, பாருங்க."

நான் முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் பார்த்தேன். அவசரத்தில் யாரையாவது விட்டுவிடக் கூடாது என்று இன்னொரு தடவையும் பார்த்தேன்.

"இல்லீங்க சார்," என்றேன்.

சார் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

இரண்டு பேருக்கும் என் போனில் இருந்தே கூப்பிட்டுச் சொன்னேன். இந்துஜா நாலு தடவை தேங்க்ஸ் சொன்னாள். சின்னராசு அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் அவர் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "எத்தனை மணிக்கு வரட்டுங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஐந்தே முக்காலுக்கு மிஸ்ஸின் ஸ்கூட்டி வந்தது. குப்பண்ணனுக்குக் கண்ணில் விடுகிற சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்தார். நான் வாய் ஓயாமல் சொன்னேன். நாய் வந்த ஓட்டையில் தொடங்கிப் போன் வரைக்கும் சொன்னேன். இவ்வளவு நான் மிஸ்ஸிடம் பேசினதே இல்லை.

"ரெண்டு பேருக்குக் கிடைச்சிருச்சுங்க மிஸ். அதுல ஒருத்தரு இந்த வயசுல வந்து கேட்டவரு."

"நல்லது."

"நான் தெரியாம எல்லாத்தையும் எழுதிட்டேன். அதுவும் நல்லதாப் போச்சு."

"வேற யாரையும் கேக்கலையா அவர்?"

"செக்கிங்குக்கு ஒரு ஆள் கேட்டாருங்க. நோட்டு பூரா ரெண்டு தடவை பாத்தேன். வந்த பதினோரு பேர்ல செக்கிங் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லைங்க மிஸ்."

மிஸ் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினார். என்னையே பார்த்தார்.

"பன்னெண்டாவது ஆளுக்கு நீங்களே இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டீங்களாக்கா?"



உள்ளே ஷிப்ட் மணி அடித்தது. மிஸ் ஸ்கூட்டியில் சாய்ந்துகொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார். அவசரப்படுத்தவில்லை.

நான் திரும்பி வாட்ச்மேன் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். நோட்டைத் திறந்தேன். சார் போட்ட கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டேன். பேர் என்ற கட்டத்தில் கோகிலவாணி என்று எழுதினேன். ஊர் எழுதினேன். யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் தனசேகர் சார் என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில், செக்கிங் தெரியும், இரண்டு மாதம் இங்கே இருந்து பழகுவதற்கு எனக்கு ஒரு இடம் என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே வெளியில் குப்பண்ணன் சத்தம் கொடுத்தார்.

"அம்மிணி, எழுதுனது போதும். சார் வண்டிய எடுக்கறாரு. சீக்கிரம் வா."

நான் பேனாவைக்கூட மூடாமல் நோட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து, கேட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன்.